இத்தால் அறியத் தருகிறோம்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதுவதானால் பெயருக்கு முன்னால் 'பெருமதிப்பிற்குரிய' என்றும் பின்னால் 'அவர்கள்' என்றும் போட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் அவர் கோபிக்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "குறை நினையாதீங்க தம்பி, ஒரு சின்ன விசயம்" என்று தொடங்குவார். அந்தச் சின்ன விசயம் முடிய மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும். அதனால் நாங்கள் எல்லோரும் அவரைச் 'சேர்' என்று மட்டும் கூப்பிட்டோம்.

சுனாமியாகக் கடல் வந்து போன பிறகு எங்கள் மட்டக்களப்பில் மணலுக்கு அடுத்தபடியாக நிறைந்திருந்தவை தொண்டு நிறுவனங்கள்தான். அவற்றில் ஒன்றின் அலுவலகம், வாவியைப் பார்த்த ஒரு மாடி வீட்டில் இருந்தது. கரையோரத்தில் தகரக் கொட்டில்களில் இருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கொரு கைபேசி கொடுத்து, கூட்டமோ விநியோகமோ புயலோ மறுபடியும் கடலோ, எதுவானாலும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி அனுப்புவது அங்கே நடந்த திட்டம். சேர் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பு. நான் அவருக்குக் கீழே கணினி உதவியாளர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவைக் கடல் எடுத்தது. அம்மா கல்லடிக்கு அங்கால் கரையோரத்தில் ஒரு கொட்டிலில் தனியாக இருந்தார், ஒரு கோழியோடு. மகன் கொம்பியூட்டரில் கடிதம் போடுகிற வேலை பார்க்கிறான் என்று அந்தக் கொட்டில் வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். சோதனைச் சாவடிகளைத் தாண்டித் தினமும் போய்வர முடியாது என்பதால் நான் நகரத்திலேயே ஓர் அறையில் தங்கியிருந்தேன்.

சேரிடம் ஒரே ஒரு குணம்தான் இருந்தது. மற்றதெல்லாம் அதிலிருந்து முளைத்த கிளைகள். அவரால் ஒருவரையும் ஏவ முடியாது. பியூனிடம் தேத்தண்ணி கேட்பதற்கே "உங்களுக்கு நேரம் இருந்தா" என்று தொடங்குவார். வீதியில் வயதானவர்களைக் கண்டால் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, இறங்கப்போகிறவர் போல ஒரு காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு போவார். அவருடைய செருப்பில் இடதுதான் எப்போதும் முதலில் தேயும். அவருக்குப் பாதி வயதுகூட இல்லாத என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். அவர் வாயிலிருந்து ஒருமையில் ஒரு சொல் வந்ததை அலுவலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் குறுஞ்செய்தியைக் கொடுத்திருந்தார்கள்.

அது எப்படிப் போகிறது என்பதைச் சேருக்கு விளக்க எனக்குப் பல நாள் எடுத்தது. எங்கள் புரோகிராம் நேராக யாருடைய கைபேசிக்கும் போகாது. கொழும்பில் ஒரு கம்பனி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். எங்கள் புரோகிராம் இலக்கங்களையும் செய்தியையும் தூக்கிக்கொண்டு அங்கே போய், நாங்கள் யார் என்பதற்கு ஓர் இரகசியச் சொல்லைக் காட்டும். அவர்கள் சரிபார்த்து வாங்கிக்கொண்டால் ஒரு பதில் வரும். பிறகு அவர்கள் பாடு, கைபேசிக்காரர் பாடு. இரகசியச் சொல் என்றதும் சேருக்கு விளங்கிவிட்டது. "ஓ, பாலத்தடிச் சாவடியில அடையாள அட்டை காட்டுறமாதிரி" என்றார். விளங்காமல் போனது அந்தப் பதில். 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று அது திரையில் வந்ததும் சேர் கதிரையிலிருந்து அரைவாசி எழுந்து தலையை ஆட்டுவார்.

"பாத்தீங்களா தம்பி? சனம் ஏற்றுக்கொண்டிட்டுது."

ஏற்றுக்கொண்டது சனமில்லை, கம்பனிதான், கைபேசிக்குப் போனதா இல்லையா என்பது வேறு கதை என்று நான் எத்தனையோ முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டார். அடுத்த முறையும் அரைவாசி எழுந்தார்.

உண்மையான சண்டை எழுத்தின் எண்ணிக்கையில் வந்தது. ஒரு குறுஞ்செய்திக்குள் ஆங்கிலத்தில் நூற்றறுபது எழுத்துப் போடலாம், தமிழில் எழுபதுதான், அதற்கு மேல் போனால் துண்டு துண்டாக உடைத்து அனுப்பும் என்று சொன்னேன். சேர் பேனாவை மூடி வைத்தார். தமிழுக்கு மட்டும் ஏன் குறைத்தார்கள் என்று கேட்டார். அது யாரும் குறைத்ததில்லை, கணினிக்குள் எழுத்தை வைக்கிற முறை அப்படி என்றேன். அவர் நம்பவில்லை. எங்கள் நாட்டில் அதை நம்புவதற்குக் காரணமும் இல்லை. கம்பனிக்கு ஓர் ஆட்சேபக் கடிதத்தைத் தாழ்மையுடன் எழுதத் தொடங்கி, இரண்டாம் பக்கத்தில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"சிங்களத்துக்கு எவ்வளவு தம்பி?"

"அதுக்கும் எழுபதுதான் சேர்."

"அப்ப சரி" என்று கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தார்.

ஆனால் மெய்யெழுத்தின் புள்ளியையும் கொம்பையும் தனித்தனி எழுத்தாக எண்ணுகிறார்கள் என்பதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. எந்த இலக்கணத்தில் அப்படி இருக்கிறது என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்டார். அவருடைய செய்திகள் இப்படித் தொடங்கும்: 'பெருமதிப்பிற்குரிய பயனாளிப் பெருமக்களே, தங்கள் அனைவருக்கும் எமது பணிவான வணக்கங்கள்.' முதல் துண்டு முடிகிற இடத்தில் வணக்கம் இன்னும் வந்திருக்காது. விசயம் மூன்றாம் துண்டில் தலைகாட்டும். கடைசித் துண்டு எப்போதும் 'என்பதை இத்தால் அறியத் தருகிறோம்' என்று முடியும். வழியில் ஏதாவது ஒரு துண்டு தொலையும். சில பேருக்கு 'இத்தால்' மட்டும் போய்ச் சேர்ந்தது.

யுத்தம் நடந்த காலம் என்பதால் எதை அனுப்புவதானாலும் இராணுவ முகாமில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். சேர் செய்தியைச் சிங்களத்தில் மொழிபெயர்த்து எடுத்துக்கொண்டு போவார். ஒருமுறை நானும் போனேன். புதிதாக வந்திருந்த இளம் அதிகாரி ஒருவர் தாளை வாங்கி முழுதும் வாசித்தார். திருப்பிப் பார்த்தார். இதில் செய்தி எங்கே என்று கேட்டார். பின்னால் வருகிறது ஐயா என்றார் சேர், மிகுந்த பணிவோடு. அடுத்த முறையிலிருந்து அந்த அதிகாரி வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். எங்கள் மாவட்டத்தில் சந்தேகம் வராத ஒரே ஆள் சேர்தான் என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவோம்.

கைபேசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாம் தமிழ் காட்டும் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். பாதி காட்டவில்லை. தமிழ் எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறும் பெட்டி பெட்டியாக வந்தது. அம்மாவுக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்று. அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்பதால் அவருக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பக்கத்துக் கொட்டில் தங்கராசா அண்ணனின் கைபேசி தமிழ் காட்டும். செய்தி வந்தால் அவர் வாசலில் நின்று சத்தமாக வாசிப்பார், வரிசை கேட்கும். பெட்டி விசயத்தை நான் மேலிடத்துக்கு எழுதினேன். எல்லாக் கைபேசியும் தமிழ் காட்டுவதாக அறிக்கை போய்விட்டது, ஆகவே காட்டும் என்று பதில் வந்தது. சேரிடமும் சொன்னேன். "பெட்டியா? இல்லயே தம்பி, ஏற்றுக்கொண்டிட்டாங்களே" என்றார்.

வலை விநியோகம் தள்ளிப்போனது ஒரு வெள்ளிக்கிழமை. சனம் ஆவலோடு காத்திருந்த வலை. ஏமாற்றம் தருகிற செய்தியை வெறும் வணக்கத்தோடு தொடங்குவது சரியில்லை என்று சேருக்குப் பட்டது. கடவுளையும் கூப்பிட்டார். 'பெருமதிப்பிற்குரிய மக்களே, தங்கள் அனைவரையும் இறைவன் காப்பாராக. கடல் தொழிலாளர்களுக்கான வலை விநியோகம் தவிர்க்க முடியாத காரணங்களினால்' என்று அது போகும். நான் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு வழியில் தொலைந்தது முதல் துண்டைத் தவிர்ந்த மற்ற எல்லாம்.

தங்கராசா அண்ணன் வாசலில் நின்று வாசித்தது இவ்வளவுதான்:

"பெருமதிப்பிற்குரிய மக்களே, தங்கள் அனைவரையும் இறைவன் காப்பாராக. கடல்"

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடல் வந்த ஒரு கரையில், கடவுளைக் கூப்பிட்டுவிட்டு 'கடல்' என்று சொல்லி ஓர் அலுவலகம் வாயை மூடினால் சனம் என்ன செய்யும். உலையில் கிடந்த சோறு கிடந்தபடி, கொட்டிலை விட்டு ஓடினார்கள். பெரிய வீதிக்கு அங்கால் பள்ளிக்கூடத்து மாடியில் போய் ஏறி நின்றார்கள். அம்மா கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடி, விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பின்னேரம் வரைக்கும் கடல் அசையாமல் கிடந்தது. சோறு கரிந்தது.

அடுத்த நாள் நான் போனபோது அம்மா முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். "மனே, உன்ட சேருக்குச் சொல்லு" என்றார். "இனி அவர் சாமியக் கூப்பிட்டா நான் இருந்த இடத்தால எழும்ப மாட்டன்." பகிடிக்குச் சொல்லவில்லை. அம்மா ஒன்று சொன்னால் சொன்னதுதான். உண்மையாகக் கடல் வருகிற நாளில் செய்தி அனுப்பப்போவதும் நாங்கள்தானே.

சேர் அதைக் கேட்டுவிட்டு மன்னிப்புச் செய்தி எழுத உட்கார்ந்தார். நான் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். அதனால் நேரிலேயே போனார். கொட்டில் கொட்டிலாக ஏறி இறங்கி, ஒவ்வொரு வாசலிலும் செருப்பைக் கழற்றி, ஒவ்வொருவரிடமும் முழுதாக மன்னிப்புக் கேட்டார். இருட்டுப்படும் வரைக்கும் முடியவில்லை. சனம் அவரைப் பொறுத்துக்கொண்டது. அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார், ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

திரும்பி வரும்போது பாலத்துச் சாவடியில் வரிசையாக நின்றோம். இறங்கு, நட, பையைத் திற என்று ஒவ்வொருவராக விட்டுக்கொண்டிருந்தார்கள். எழுபது எழுத்துக்குள் விசயத்தைச் சொன்னால் என்ன என்று நான் அங்கே வைத்துக் கேட்டேன். களைப்பில் கொஞ்சம் சூடாகவே கேட்டிருப்பேன். சேர் முன்னால் நின்ற வரிசையைப் பார்த்தார்.

"கடல் வந்த கிழமை நானும் அகதி முகாமிலதான் நிண்டன் தம்பி. லொறியில பாண் வரும். மேல நிண்டு, வரிசையில நில், கைய நீட்டு, தள்ளாத எண்டுவாங்கள். பெண்டில் பிள்ளையப் பறிகுடுத்த மனிசர், கைய நீட்டிக்கொண்டு நிப்பாங்க. இஞ்ச எல்லாரும் ஏவுறாங்கள். நாங்களாவது கேப்பமே."

அதற்கு மேல் நான் எழுபதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் இருந்த இடத்தால் எழும்ப மாட்டேன் என்று அம்மா சொன்னது சொன்னபடிதான் இருந்தது.

அது நடந்தது சில மாதத்துக்குப் பிறகு, ஒரு பின்னேரம். இந்தோனேசியாப் பக்கம் கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம் என்று வானொலி சொன்னது. கரையோரத்தில் இருப்பவர்கள் விலகி இருக்கவேண்டும் என்றது. நகரமே கைபேசியைக் காதில் வைத்தது, அதனால் ஒருவருக்கும் லைன் கிடைக்கவில்லை. அம்மாவின் இலக்கத்தை அடித்து அடித்துப் பார்த்தேன். முகாமில் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும், முகாமுக்கும் லைன் இல்லை. கொழும்பு வாசல் மட்டும் திறந்திருந்தது. நான் கணினிக்கு முன்னால் இருந்தேன், சேர் பக்கத்தில் தாளும் பேனாவுமாக.

'பெருமதிப்பிற்குரிய' என்று எழுதினார். வெட்டினார். 'அன்பார்ந்த' என்று எழுதினார்.

"சேர், முதல் துண்டுதான் நிச்சயம். மிச்சம் வந்தா வரும்."

"அப்ப எழுபதுக்குள்ள சொல்லுவம்."

"எழுபது வேணாம் சேர். ஒரு சொல் போதும். ஓடுங்க எண்டு."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டு இருந்தார். கையெழுத்து இல்லாமல் ஒரு கரை முழுவதையும் ஓடச் சொன்னவன் யார், எதற்காகச் சொன்னான் என்று அந்தக் காலத்தில் கேட்பார்கள். எங்கே கூட்டிக்கொண்டு போய்க் கேட்பார்கள் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். ஆனால் சேர் சொன்னது அதை அல்ல.

"நாயத் துரத்துறமாதிரி இருக்கே தம்பி."

"அம்மா அங்கதான் சேர் இருக்கிறா."

அவர் என்னைப் பார்த்தார்.

"எழும்பு" என்றார்.

முதல் தடவையாக அவர் வாயால் அப்படி ஒரு சொல் வந்ததில் நான் ஏன் என்று கேட்காமலே எழுந்துவிட்டேன். சேர் என் கதிரையில் உட்கார்ந்து, என் பெயரில் திறந்திருந்த புரோகிராமை மூடி, தன்னுடைய பெயரையும் கடவுச்சொல்லையும் இரண்டு விரலால் தேடித் தேடி அடித்தார். கேள்வி வந்தால் வருவது அவருக்கு. பிறகு 'தயவுசெய்து' என்று அடித்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வோர் எழுத்தாக, புள்ளியைத் தனியாக, கொம்பைத் தனியாக அழித்தார். 'ஓடுங்க' என்று அடித்து, அனுப்பும் பட்டனை அழுத்தினார்.

ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சேர் எழவில்லை. தலையும் ஆட்டவில்லை. "இப்ப சொல்லுங்க தம்பி" என்றார், "ஏற்றுக்கொண்டது கம்பனியா, சனமா?"

எனக்குத் தெரியாது என்றேன். அவருடைய மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பாலத்தில் அன்றைக்கு ஒருவரையும் மறிக்கவில்லை. நின்றவர்களும் கடலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொட்டில் வரிசைக்குப் போனால் ஓர் ஆள் இல்லை. அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்திருந்தது. பள்ளிக்கூடத்து மாடியில் வரிசை முழுவதும் நின்றது. நடுவில் அம்மா, கக்கத்தில் கோழி.

தங்கராசா அண்ணன் இறால் பிடிக்க வாவிக்குப் போயிருந்தாராம். வாசிக்க ஆள் இல்லை. அப்படியென்றால் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். அம்மா கைபேசியை நீட்டினார். திரையில் ஆறு பெட்டிகள். ஓ ஒன்று, ட ஒன்று, அதன் உகரம் ஒன்று, ங ஒன்று, அதன் புள்ளி ஒன்று, க ஒன்று. மற்ற இடமெல்லாம் வெறுமை.

"உன்ட சேர் அனுப்பினா திர நிறைஞ்சு வழியும் மனே. வணக்கம் சொல்லி முடிக்கவே அமத்தி அமத்திக் கை நோகும். இண்டைக்குப் பாத்தா இவ்வளவுதான். அந்த மனிசன் மரியாதய விட்டுட்டுதெண்டா விசயம் பெரிசு எண்டு விளங்கிட்டுது. எல்லாரையும் ஓடுங்க எண்டு கத்திப்போட்டு நானும் ஓடி வந்தன்."

கடல் அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாள் காலை சேரை முகாமுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. ஒரு பையில் சாரமும் துவாயும் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய மனைவி அலுவலக வாசலில் வந்து நின்றார். நாங்கள் ஒருவரும் வேலை செய்யவில்லை. பின்னேரம் பையோடு திரும்பி நடந்து வந்தார். நடந்ததை எழுத்தில் கேட்டார்களாம். சேர் எழுதத் தொடங்கியிருக்கிறார். நான்காம் பக்கத்தில் இன்னும் வணக்கமும் முன்னுரையும் நடந்துகொண்டிருக்க, அந்த இளம் அதிகாரி தாளை வாங்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். சேருக்கு அது மனவருத்தம். எழுதி முடிக்க விடவில்லையே என்று.

அன்றே இன்னொரு செய்தி எழுதினார். 'நேற்றைய தினம் தங்களை ஒருமைக்கு நிகரான சொல்லால் ஏவ நேர்ந்தமைக்கு' என்று அது போனது. நான் தடுக்கவில்லை. ஏழு துண்டு.

பிறகு யுத்தம் முடிந்தது. நிறுவனத்தின் கவனம் வடக்கு அகதி முகாம்களுக்குப் போனது, எங்கள் திட்டத்தை மூடினார்கள். சேர் பிரியாவிடைச் செய்தி ஒன்றைத் தயாரித்து வைத்திருந்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு கொழும்பு வாசலுக்குப் போனால், எங்கள் இரகசியச் சொல் செல்லாது என்று பதில் வந்தது. எங்கள் கணக்கை முதல் நாளே மூடிவிட்டார்களாம். "அப்ப நேரிலதான் சொல்லவேணும்" என்றார் சேர். நானும் கூடப் போனேன்.

அம்மா அப்போது கல்வீட்டுக்கு வந்திருந்தார். சேர் வாசலில் செருப்பைக் கழற்றினார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அம்மா, அண்டைக்கு உங்கள ஓடுங்க எண்டு ஏவிட்டன். மனசில கிடந்து அரிக்குது. குறை நினையாதீங்க."

"அதுக்கென்ன சேர். இந்தா, நீங்க ஏசினது இன்னும் கிடக்கு" என்று அம்மா கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார்.

சேர் வாங்கிப் பார்த்தார். கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார். "இதில ஒரு எழுத்தும் இல்லயே அம்மா. பெட்டியாக் கிடக்கு" என்றார். மற்றச் செய்திகள் எங்கே என்று கேட்டார். அம்மா ஒவ்வொன்றாக அமத்திக் காட்டினார். பெட்டி, பெட்டி, திரை நிறையப் பெட்டி. சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் முன்பே சொன்னேனே என்று அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாது.

"அப்ப இவ்வளவு காலமும் நான் எழுதினது ஒண்டும் வரல்லயா அம்மா?"

"ஏன் வராம?" என்றார் அம்மா. "எல்லாம் வந்தது சேர். ஒவ்வொரு முறையும் நிறைய நிறைய வந்தது. கும்பிட்டுக்கொண்டு நிக்கிறீங்க எண்டு விளங்கும். அதப் பாத்தாப் பயமில்ல. விளக்க நூத்துட்டுப் படுத்திருவன்."

தேத்தண்ணி ஊற்ற அம்மா உள்ளே போனார். சேர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடியே, அந்தப் பெட்டிகளை மேலிருந்து கீழாக ஒன்றும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.